நாடகத்திற்குச் சொல் தந்த சங்கரதாஸ் சுவாமிகள்

நுழையும் முன்

மாணவச் செல்வங்களே, கிட்வாய் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நீங்கள் ஆண்டுதோறும் தசரா நாள்களில் இராம்லீலாவைக் கண்டிருப்பீர்கள். இராவணன் மேடையேறும்போது கூட்டம் அமைதியாவதையும், சிறு குழந்தைகள் அன்னையின் முந்தானையில் முகம் புதைப்பதையும் கவனித்திருப்பீர்கள். கதை எல்லார்க்கும் தெரிந்ததே. இராவணன் வீழ்வான் என்பதும் தெரிந்ததே. ஆயினும் மக்கள் ஏன் ஆண்டுதோறும் வந்து அமர்கின்றனர்? தெரிந்த கதையை மீண்டும் மீண்டும் காணச் செய்வது எது? இவ்வினாவிற்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக்கிய ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் படிக்கப்போகிறோம். படிக்கும்போதே ஒரு நாடகத்தின் கருப்பொருள், பாத்திரம், நடிப்பு ஆகிய மூன்றையும் எவ்வாறு பிரித்துப் பார்ப்பது என்பதையும் கற்போம்.

இளமையும் கல்வியும்

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில் 1867 ஆம் ஆண்டு செப்டம்பர் 7 ஆம் நாள் சங்கரன் பிறந்தார். இவருடைய தந்தையார் தாமோதரனார் இராமாயணத்தில் ஆழ்ந்த புலமை பெற்றவர். ஊரார் அவரை இராமாயணப் புலவர் என்றே அழைத்தனர். முதல் ஆசிரியராக அமைந்தவரும் அவரே. பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் சங்கரன் இலக்கண இலக்கியங்களைப் பயின்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அங்கு இவருடன் பயின்றவர். பதினாறு வயதிலேயே வெண்பாவும் கலித்துறையும் இசைப்பாடல்களும் இயற்றும் ஆற்றல் இவருக்கு வாய்த்திருந்தது.

புலமை இருந்தால் மட்டும் வயிறு நிறையாது. சில காலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணியாற்றினார். ஆயினும் அவர் மனம் கணக்கேட்டில் நிற்கவில்லை. 1891 ஆம் ஆண்டளவில், தம் இருபத்து நான்காம் வயதில், அவ்வேலையை விடுத்து நாடக மேடையை அடைந்தார்.

இம்முடிவின் அருமையை உணர அக்காலச் சூழலை அறிதல் வேண்டும். நாடகம் நடிப்போரைக் கூத்தாடிகள் என்று இகழ்ந்த காலம் அது. அவர்களுக்குக் குடியிருக்க வீடு கிடைப்பதும் அரிது. பெண் கொடுப்போரும் அரியர். கற்றவர்கள் இரவில் நாடகம் பார்ப்பர். பகலில் நடிகரைக் கண்டால் விலகிச் செல்வர். அத்தகைய காலத்தில் யாப்பிலக்கணம் கற்ற புலவர் ஒருவர் தாமே விரும்பி அம்மேடையில் ஏறியது சிறு செயலன்று.

மேடையேறிய எமன்

தொடக்கத்தில் சங்கரதாசர் நடிகராகவே விளங்கினார். உயர்ந்த உடலும் இடியொத்த குரலும் வாய்த்த அவருக்கு இராவணன், இரணியன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்கள் பொருத்தமாக அமைந்தன. ஒலிபெருக்கி இல்லாத காலம். இரவு தொடங்கிய நாடகம் விடியும்வரை நடக்கும். கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவர் காதிலும் ஒவ்வொரு சொல்லும் விழுதல் வேண்டும். அதற்கேற்ற குரல் அவருடையது.

அவர் நடிப்பின் வலிமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவர். நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக நடித்துவிட்டு, வேடத்தைக் களைவதற்காக விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்றாராம். உடல் முழுதும் கரிய பூச்சு. முகத்தில் கொடிய ஒப்பனை. அரையிருளில் அவ்வுருவத்தைக் கண்ட பெண்ணொருத்தி அஞ்சி வீழ்ந்து உயிர் துறந்தாள். சத்தியவான் சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் ஆர்ப்பரித்து வந்தபோதும், பார்வையாளர் கூட்டத்திலிருந்த கருவுற்ற பெண் ஒருத்தி பேரச்சத்தால் துன்புற்றாள் என்பர்.

மற்றொருவராயின் இவற்றைத் தம் நடிப்பிற்குக் கிடைத்த புகழாகக் கருதியிருக்கக்கூடும். சங்கரதாசர் அவ்வாறு கருதவில்லை. தம் கலை பிறர்க்குத் துன்பம் விளைத்ததை எண்ணி வருந்தினார். வேடம் புனைவதை விட்டார். இனி நாடகம் எழுதுவதும் கற்பிப்பதுமே தம் பணி என உறுதி கொண்டார். நடிப்பில் உச்சத்தை எட்டியவர் அதனினின்று தாமே விலகினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. நடிகனுக்குத் திறமை வேண்டும்; அத்திறமை காண்போரை எங்கே கொண்டுசேர்க்கிறது என்னும் பொறுப்பும் வேண்டும்.

பின்னர் அவர் துறவுள்ளம் பூண்டு திருத்தலங்கள் பலவற்றிற்குச் சென்றார். அது முதல் மக்கள் அவரைச் சுவாமிகள் என்று அழைத்தனர். புதுக்கோட்டையில் கஞ்சிரா இசையில் புகழ்பெற்றிருந்த மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகனாகவே கொண்டார். அவரிடம் சுவாமிகள் தாள நுட்பங்களைக் கற்றார். தந்தையிடமும் தண்டபாணி சுவாமிகளிடமும் பெற்ற தமிழும் புதுக்கோட்டையில் பெற்ற தாளமும் பின்னாளில் அவருடைய நாடகங்களில் ஒன்றுகூடின.

சொல்லுக்கு வரம்பு கட்டியவர்

அக்கால மேடையில் பெருங்குறை ஒன்று இருந்தது. பாடல்கள் இருந்தன, ஆனால் உரையாடல்கள் பெரும்பாலும் எழுதப்படவில்லை. நடிகர் தமக்குத் தோன்றியதைப் பேசினர். கைதட்டல் கிடைத்தால் அப்பேச்சு நீளும். கதை எங்கோ நிற்கும். அரசன் வேடம் பூண்டவர் அரசனுக்கு ஒவ்வாத சொற்களைப் பேசுவார். ஒரே பாத்திரம் ஓர் ஊரில் ஒரு குணமும் மற்றோர் ஊரில் வேறு குணமும் கொண்டு நிற்கும்.

சுவாமிகள் இதற்கு வரம்பு கட்டினார். யார், எப்போது, எதைப் பேசவேண்டும் என்பதை முழுமையாக எழுதினார். பாடல், வெண்பா, விருத்தம், உரையாடல் என எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருந்த அமைத்தார். பாத்திரத்தின் பேச்சிலேயே திருக்குறள் முதலிய அறநூற் கருத்துகளைக் கலந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், அல்லி அருச்சுனா, பிரகலாதன், இலவகுசா, அபிமன்யு சுந்தரி என அவர் இயற்றிய நாடகங்கள் நாற்பதுக்கும் குறையாதவை. வடமொழி மிருச்சகடிகத்தையும் ஷேக்ஸ்பியர் நாடகங்களுள் சிலவற்றையும் தமிழ் மேடைக்கு ஏற்ப ஆக்கினார்.

எழுத்தறிவு மிகக் குறைந்திருந்த நாட்டில் இதன் பயன் பெரிது. ஏடு பிடித்தறியாத உழவரும் நெசவாளரும் தரையில் பாய் விரித்து அமர்ந்து, ஓரிரவில் அரிய தமிழைச் செவிவழியே பெற்றனர். நாடகக் குழுக்கள் கடல் கடந்தும் சென்றன. இலங்கையிலும் மலேயாவிலும் வாழ்ந்த தமிழர்கள் அக்குழுக்கள் வழியே தாய்மொழியின் இனிமையைக் கேட்டனர். வீட்டில் தமிழைக் கேட்டும், வெளியே வேறு மொழிகளைப் பேசியும் வளரும் உங்களுக்கு அம்மக்களின் மகிழ்ச்சி எளிதில் விளங்கும்.

நாடகத்தைப் பிரித்துப் பார்ப்போம்

சத்தியவான் சாவித்திரியை எடுத்துக்கொள்வோம். ஓராண்டில் கணவன் இறப்பான் என அறிந்தும் சத்தியவானை மணக்கிறாள் சாவித்திரி. குறித்த நாளில் எமன் உயிரைக் கவர்ந்து செல்ல, அவள் பின்தொடர்ந்து வாதாடி, வரங்கள் பெற்று, இறுதியில் கணவன் உயிரையும் மீட்கிறாள்.

முதலாவது, கருப்பொருள். கருப்பொருள் என்பது கதைச்சுருக்கம் அன்று. கதை நம்மிடம் எழுப்பும் வினா. மாறாத விதியை மனிதர் சொல்லால் மாற்ற முடியுமா என்பது இந்நாடகம் எழுப்பும் வினா. சாவித்திரியின் கையில் வாளும் இல்லை, படையும் இல்லை. அவளிடம் இருப்பவை அறிவும் சொல்லும் மட்டுமே. மனைவியின் கற்பே இந்நாடகத்தின் கருப்பொருள் என்போரும் உண்டு. இரண்டனுள் எதனை நீங்கள் ஏற்றாலும், நாடகத்திலிருந்து சான்று காட்டுதல் வேண்டும்.

இரண்டாவது, பாத்திரம். ஒரு பாத்திரத்தை அறிய மூன்றனை நோக்குக: அது என்ன விரும்புகிறது? அதனைத் தடுப்பது எது? முடிவில் அது எவ்வாறு மாறியிருக்கிறது? எமன் கொடியவன் அல்லன்; கடமையைச் செய்பவன். அவனைத் தடுப்பது சாவித்திரியின் அழுகை அன்று, அவளுடைய அறிவு. அவள் அறிவை மதித்து வரம் அளிக்கும்போதே அவன் தன் சொல்லுக்குத் தானே கட்டுப்பட்டுவிடுகிறான். தனக்கு மக்கட்பேறு வேண்டும் என அவள் கேட்க, அவனும் அளிக்கிறான். கணவன் இன்றி அவ்வரம் நிறைவேறாது. கடமைக்கும் வாக்கிற்கும் இடையே அகப்பட்ட எமன், நாடகம் தொடங்கியபோது இருந்த எமன் அல்லன்.

மூன்றாவது, நடிப்பு. எழுத்தில் உள்ள எமனை மேடையில் உயிர்ப்பிப்பவை குரல், நடை, பார்வை, ஒப்பனை, இசை, அமைதி ஆகியவை. எமனை வெறும் அச்சமூட்டும் உருவாக மட்டும் நடித்தால், அவன் இரங்கும் இடம் நம்பத்தக்கதாக இராது. முதலிலேயே இரக்கம் காட்டினாலோ, சாவித்திரியின் வெற்றிக்கு மதிப்பிராது. ஆகவே, நடிகர் எந்தச் சொல்லில் குரலைத் தாழ்த்துகிறார் என்பதைக் கவனிப்பதே நடிப்பை ஆராய்வதன் தொடக்கம். எமனாக நடித்து மக்களை நடுங்கச் செய்த சுவாமிகளே பின்னர் அந்நாடகத்தை எழுதி, எமனுக்கும் சாவித்திரிக்கும் உரிய சொற்களை வகுத்தார் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

சிறுவர் நாடகக் குழு

வளர்ந்த நடிகர் பலர் எழுதிய சொல்லுக்குக் கட்டுப்படவில்லை. சிலர் மது அருந்தி வந்தனர். சிலர் ஒத்திகைக்கே வருவதில்லை. ஒழுங்கைச் சிறுவயதிலேயே பழக்குதல் வேண்டும் எனச் சுவாமிகள் எண்ணினார். 1910 ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபை தோன்றியது. பின்னாளில் பாட்டால் நாட்டை மயக்கிய எஸ். ஜி. கிட்டப்பா சுவாமிகளின் மாணாக்கர்களுள் ஒருவர். 1918 ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைச் சுவாமிகள் நிறுவினார். டி. கே. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்னும் உடன்பிறந்தோர் இச்சபையில் வளர்ந்தனர். சேர்ந்தபோது சண்முகத்திற்கு வயது ஆறு.

எழுத்துக் கூட்டிப் படிக்கவும் அறியாத சிறுவர்கள் சுவாமிகள் சொல்லச்சொல்லக் கேட்டு, வெண்பாவையும் நீண்ட உரையாடலையும் மனத்தில் நிறுத்தினர். பொருள் விளங்காத சொல்லை அவர் விளக்கினார். உச்சரிப்பில் லகர ளகர ழகர வேறுபாடு பிழையாமல் பழக்கினார். பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். வளரும் பருவத்தில் குரல் உடையும் மகரக்கட்டு வந்துவிட்டால் பாடும் வேடங்கள் கைநழுவும். அது அச்சிறுவர்களுக்குப் பெரும் கவலையாக இருந்தது.

இவ்வாழ்க்கையின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தல் கூடாது. ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் பள்ளிக்குச் செல்லாமல் ஊர் ஊராகத் திரிந்தனர், இரவெல்லாம் விழித்திருந்தனர், பலர் பெற்றோரைப் பிரிந்து வாழ்ந்தனர். பல குழுக்களில் தண்டனையும் கடுமையாக இருந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று 2009 ஆம் ஆண்டுச் சட்டம் இன்று கூறுகிறது. அவ்வுரிமை அச்சிறுவர்களுக்கு இல்லை. அவர்கள் பெற்ற கலை பெரிது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. வரலாற்றைப் படிப்போர் இரண்டனையும் ஒருசேரக் காணுதல் வேண்டும்.

ஓரிரவில் ஒரு நாடகம்

சிறுவன் சண்முகத்தின் திறமையைக் கண்ட சுவாமிகள் அவனுக்கெனவே ஒரு நாடகம் எழுத விரும்பினார். ஒருநாள் இரவு உணவிற்குப்பின் அரிக்கேன் விளக்கின் முன் அமர்ந்தார். பொழுது புலர்ந்தபோது அபிமன்யு சுந்தரி என்னும் நாடகம் பாடல்களோடும் உரையாடல்களோடும் நிறைவுற்றிருந்தது. மேடையில் நான்கு மணி நேரம் நடக்கக்கூடிய அந்நாடகத்தின் கைப்படியில் அடித்தலும் திருத்தலும் இல்லை என்பர். அபிமன்யுவாகச் சண்முகம் நடித்தார்.

இதனைக் கேட்போர் ஓரிரவில் விளைந்த வியப்பை மட்டும் போற்றுவர். ஆனால் அவ்விரவிற்குப் பின்னே, பதினாறு வயது முதல் எழுதிய பாக்கள் உள்ளன. நடிகராக நின்ற ஆண்டுகள் உள்ளன. புதுக்கோட்டையில் கற்ற தாளம் உள்ளது. முப்பது ஆண்டுப் பயிற்சி ஓரிரவில் வெளிப்பட்டது என்பதே பொருந்தும்.

நா ஓய்ந்த காலம்

1921 ஆம் ஆண்டில் சுவாமிகளைப் பக்கவாத நோய் தாக்கியது. கையும் காலும் இயக்கம் குன்றின, நாவும் பேச்சிழந்தது. இடியென முழங்கிய குரல் அடங்கியது; ஓரிரவில் நாடகம் எழுதிய கை ஓய்ந்தது. நூற்றுக்கணக்கானோர்க்குச் சொல் தந்தவர் தமக்கென ஒரு சொல்லும் இன்றி இருந்தார்.

ஆயினும் அவர் எழுதிய சொற்கள் ஓயவில்லை. அவரிடம் பயின்ற சிறுவர்கள் இரவுதோறும் அவற்றை மேடையில் பேசினர், பாடினர். நடிகர் வாய்க்கு வந்தபடி பேசிய பழைய முறையே நீடித்திருந்தால், ஆசிரியர் பேச்சிழந்த அன்றே நாடகமும் பேச்சிழந்திருக்கும். அவர் எழுதிவைத்ததனால் அது பிறர் நாவில் வாழ்ந்தது. 1922 ஆம் ஆண்டு நவம்பர் 13 ஆம் நாள் புதுச்சேரியில் சுவாமிகள் மறைந்தார்.

இன்றும் ஒலிக்கும் குரல்

சுவாமிகள் மறைந்தபின் 1925 ஆம் ஆண்டில் டி. கே. எஸ். உடன்பிறந்தோர் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கி, நாடகக் கலையை மேலும் வளர்த்தனர். பரிதிமாற் கலைஞர், பம்மல் சம்பந்த முதலியார் ஆகியோரோடு சேர்த்து, சங்கரதாஸ் சுவாமிகளையும் நவீனத் தமிழ் நாடகத்தின் முன்னோடியாகப் போற்றுவர். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்பது அவர்க்கு அமைந்த சிறப்புப் பெயர்.

மதுரை, புதுக்கோட்டை முதலிய மாவட்டங்களின் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் என்னும் வகை இன்றும் நடைபெறுகிறது. இதில் நடிகர்கள் ஒரே குழுவினர் அல்லர். ராஜபார்ட் நடிகர் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் நடிகை வேறோர் ஊர், பபூன் மற்றோர் ஊர், ஆர்மோனியக் கலைஞர் பிறிதோர் ஊர் எனத் தனித்தனியே அழைக்கப்பட்டு அன்றிரவு ஒன்று சேர்கின்றனர். ஒத்திகை இல்லை. ஆயினும் வள்ளி திருமணம் விடியும்வரை தடையின்றி நடக்கிறது. நாரதரும் வள்ளியும் வாதிடுகின்றனர். முருகன் வேடனாகவும் முதியவனாகவும் வருகிறான். முன்பின் அறியாதோர் எவ்வாறு இணைந்து நடிக்கின்றனர்? அனைவரும் சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த பாடத்தைக் கற்றிருப்பதால். அவர் மறைந்து நூறாண்டுகள் கடந்தபின்னும், ஒருவரையொருவர் அறியாத கலைஞர்களை அவருடைய சொல் ஒரே மேடையில் நிறுத்துகிறது.

சொற்பொருள்

பண்டகசாலை – பொருள்களைச் சேமித்து வைக்கும் இடம்
யாப்பு – செய்யுள் அமைப்பு
ஒப்பனை – வேடப் புனைவு
கைப்படி – கையால் எழுதப்பட்ட பிரதி
மகரக்கட்டு – சிறுவர்க்கு வளரும் பருவத்தில் நேரும் குரல் மாற்றம்
ராஜபார்ட் – நாடகத்தின் அரச அல்லது தலைமை ஆண் வேடம்
ஸ்திரீபார்ட் – நாடகத்தின் தலைமைப் பெண் வேடம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. சங்கரதாஸ் சுவாமிகள் எங்கு, எந்த ஆண்டில் பிறந்தார்?
2. அவர் நடிப்பதைக் கைவிட்டதன் காரணம் யாது?
3. ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை இன்றி நடிக்க இயல்வது எவ்வாறு?

ஆ. ஒரு பத்தியில் விடை தருக.
1. உரையாடலை எழுதிவைக்கும் முறையால் தமிழ் நாடகம் அடைந்த நன்மைகளை விளக்குக.
2. சிறுவர் நாடகக் குழுக்களால் விளைந்த நன்மை, தீமை இரண்டனையும் எடுத்துக்காட்டி உம் கருத்தை எழுதுக.

இ. சிந்தித்து எழுதுக.
நீங்கள் கண்ட இராம்லீலா இராவணனையும் இப்பாடத்தில் படித்த எமனையும் ஒப்பிடுக. ஒவ்வொருவரும் எதனை விரும்புகின்றனர்? அதனைத் தடுப்பது எது? முடிவில் யார் மாறுகின்றனர்?

ஈ. செயல்பாடு
எமனும் சாவித்திரியும் பேசும் காட்சியை உங்கள் சொந்தச் சொற்களில் பத்து உரையாடல்களாக எழுதுக. இருவர் இருவராகப் பிரிந்து வகுப்பில் நடித்துக் காட்டுக. ஒரே காட்சியை இரண்டு குழுக்கள் நடித்தபின், எமனின் குரல் எந்தச் சொல்லில் மாறியது என்பதைப் பிற மாணவர்கள் குறித்து விளக்குக. வீட்டிலுள்ள தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் அவர்கள் ஊரில் கண்ட நாடகம் ஒன்றைப் பற்றிக் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதி வருக.